கண்ணாடிக்கும் தகரத்திற்கும் நடுவே ஒரு ரப்பர்

பழைய கார்களைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடும் இடங்களில் மோரிஸ் மைனர் காரை நீங்கள் பார்த்திருக்கலாம். உருண்டையான கூரையும், சக்கரங்களின் மேல் புடைத்து நிற்கும் தகரமும் அதன் அடையாளம். 1948ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் கார் கண்காட்சியில் அறிமுகமான இக்காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1970களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 1.6 மில்லியன் கார்கள் தயாராயின. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம் தாத்தா பாட்டி காலத்தில் இவை பரவலாக ஓடின.

தொடக்ககால மைனரில் முன்கண்ணாடி இரண்டு தட்டையான துண்டுகளாக இருந்தது. நடுவில் ஒரு கம்பி அவற்றைப் பிரித்தது. 1956இல் வெளிவந்த மைனர் 1000 காரில் ஒரே வளைந்த கண்ணாடி வந்தது. பார்ப்பதற்கு அழகாகவும், ஓட்டுநருக்கு வசதியாகவும் அமைந்தது. ஆனால் அந்தக் கண்ணாடியையும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையையும் மாற்றும் வேலை எளிதானதன்று. புத்தம் புதிய கண்ணாடி பொருத்தும்போதே விரிசல் விடுவதும் உண்டு. பொருத்தி முடித்த பிறகு முதல் மழையிலேயே உள்ளே நீர் ஒழுகுவதும் உண்டு.

இது ஏன் நடக்கிறது? விடை கண்ணாடியில் மட்டும் இல்லை. கண்ணாடி, எஃகுத் தகரம், ரப்பர் ஆகிய மூன்று பொருள்களின் குணங்களையும் சேர்த்துப் புரிந்துகொண்டால்தான் விடை கிடைக்கும்.

ஏன் நேரடியாகப் பொருத்தக் கூடாது?

காரின் உடல் எஃகுத் தகரத்தால் ஆனது. முன்கண்ணாடிக்கான திறப்பைச் சுற்றி அந்தத் தகரத்தின் விளிம்பு மெல்லிய உதடு போல நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடியை அந்த உதட்டின் மேல் நேரடியாக வைத்து இறுக்கினால் என்ன ஆகும்?

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். வெயிலில் நிற்கும் காரின் தகரம் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது என்றும், திடீரென்று பெய்யும் மாலை மழை அதை 25 டிகிரிக்குக் குளிர்விக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வேறுபாடு 40 டிகிரி. ஒரு மீட்டர் நீளமுள்ள கண்ணாடி ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு மீட்டரின் மில்லியனில் ஏறத்தாழ 9 பங்கு சுருங்கும். எஃகு 12 பங்கு சுருங்கும். பெருக்கிப் பாருங்கள். கண்ணாடி 0.36 மில்லிமீட்டர் சுருங்கும்போது எஃகு 0.48 மில்லிமீட்டர் சுருங்குகிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 0.12 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனைச் சற்றே தாண்டிய இந்த அளவு நமக்கு அற்பமாகத் தெரியலாம். ஆனால் வளைந்து கொடுக்காத கண்ணாடிக்கு அது பெரிய நெருக்கடி.

அடுத்து அசைவு. ஒரு சக்கரம் மட்டும் சாலையோர மேட்டில் ஏறும்போது காரின் முழு உடலும் சிறிது முறுகுகிறது. திறப்பின் ஒரு மூலை மேலே போகிறது. எதிர்மூலை கீழே இறங்குகிறது. தகரம் முறுகித் திரும்பும். கண்ணாடியால் அப்படி முறுக முடியாது.

ஆகவே இரண்டிற்கும் நடுவே மூன்றாவது பொருள் ஒன்று தேவை. அது அமுங்க வேண்டும், திரும்ப விரிய வேண்டும், நீரைத் தடுக்க வேண்டும், கண்ணாடியைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இந்த நான்கு வேலைகளையும் ரப்பர் பட்டை ஒன்றே செய்கிறது. அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு 'ப' எழுத்துகள் படுத்திருப்பதைப் போல இருக்கும். ஒரு 'ப'வின் வாய் கண்ணாடியின் விளிம்பைக் கவ்வும். மற்றொன்றின் வாய் தகர உதட்டைக் கவ்வும்.

விரிசல் எங்கிருந்து தொடங்குகிறது?

மிளகாய்ச் சாஸ் பொட்டலத்தின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அந்த இடத்தில் இழுத்தால் எளிதில் கிழிகிறது. வெட்டு இல்லாத இடத்தில் எவ்வளவு இழுத்தாலும் கிழிவதில்லை. நம் கையின் விசை இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். வெட்டின் நுனியில் அந்த விசை முழுவதும் குவிந்துவிடுகிறது என்பதே காரணம்.

கண்ணாடிக்கும் இதே கதைதான். கணக்குப்படி இருக்க வேண்டிய வலிமையில் மிகச் சிறு பங்குதான் உண்மையான கண்ணாடியில் இருக்கிறது. ஏன் என்பதை ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1921இல் வெளியான தம் ஆய்வில் விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் கண்ணாடியின் மேற்பரப்பில் எப்போதும் உள்ளன. விசை அவற்றின் நுனிகளில் குவிகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் கீறல் தானாகவே ஓடத் தொடங்குகிறது.

கண்ணாடியை வெட்டி எடுத்த விளிம்பில் இத்தகைய கீறல்கள் அதிகம். அதனால் முன்கண்ணாடியின் நடுப்பகுதியைவிட விளிம்புதான் பலவீனமானது. பட்டறையில் கண்ணாடியைத் தரையில் நிறுத்தும்போது அடியில் கம்பளமோ மரக்கட்டையோ வைப்பது இதற்காகத்தான்.

இப்போது தகர உதட்டின் மேல் துரு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையால் 50 நியூட்டன் விசையுடன் கண்ணாடியை அழுத்துகிறோம். உள்ளங்கையின் பரப்பு சுமார் 100 சதுர சென்டிமீட்டர், அதாவது 10,000 சதுர மில்லிமீட்டர். அதே விசை மறுபக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் அளவுள்ள துருக்கட்டி ஒன்றின் மேல் மட்டும் விழுந்தால், அங்கு அழுத்தம் 10,000 மடங்காகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்று பாடத்தில் படித்தது இங்கே கண்ணாடியை உடைக்கிறது.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் புதுக் கண்ணாடியைத் தொடுவதற்கு முன் தகர உதட்டைச் சரிசெய்வதில் நிறைய நேரம் செலவிடுகிறார்கள். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் அடிப்பூச்சு பூசி, அதன் மேல் வண்ணம் அடித்து, நன்றாகக் காயவிடுகிறார்கள். உதடு அரித்து ஓட்டையாகியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டிப் புதுத் தகரம் பற்றவைக்க வேண்டும். துருவின் மேலேயே புதிய பட்டையைப் பொருத்துவது காசைத் தண்ணீரில் போடுவதற்குச் சமம்.

எந்தக் கண்ணாடி நல்லது?

பழைய கார்களுக்கு இரண்டு வகைக் கண்ணாடிகள் கிடைக்கின்றன. எதை வாங்குவது என்பது உயிரோடு தொடர்புடைய கேள்வி.

முதல் வகை உறுதியூட்டிய கண்ணாடி. கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் குளிர்காற்றை வேகமாக ஊதுவார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பையும் உள்நோக்கி இழுக்கும். இதனால் மேற்பரப்பு எப்போதும் அழுத்தத்தில் இருக்கும். அதிலுள்ள நுண்கீறல்கள் எளிதில் வாய் திறக்க முடியாது. சாதாரணக் கண்ணாடியைவிட இது ஏறத்தாழ நான்கு மடங்கு வலிமையானது. ஆனால் கூரான கல் ஒன்று அந்த மேற்பரப்பைத் துளைத்துவிட்டால், உள்ளே தேங்கியிருந்த ஆற்றல் நொடிப்பொழுதில் வெளிப்பட்டு, கண்ணாடி முழுவதும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகிவிடும். துண்டுகள் கூராக இருக்கமாட்டா என்பது நல்ல செய்தி. வேகமாக ஓடும் காரில் ஓட்டுநருக்கு முன்னால் இருப்பது எதுவும் தெரியாமல் போய்விடும் என்பது கெட்ட செய்தி.

இரண்டாம் வகை அடுக்குக் கண்ணாடி. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி ஊடுருவும் நெகிழிப் படலம் ஒன்றை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டியிருப்பார்கள். கல் பட்டால் அந்த இடத்தில் நட்சத்திரம் போல விரிசல் விழும். மற்ற பகுதி வழியாகச் சாலை தெரியும். துண்டுகள் படலத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் கண்டுபிடிப்புக்கு வித்திட்டது ஒரு தற்செயல். பிரான்சைச் சேர்ந்த எடுவார் பெனடிக்டஸ் 1903இல் தம் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தவறவிட்டார். குடுவை விரிசல் விட்டது, ஆனால் சிதறவில்லை. அதில் முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் உலர்ந்து, உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு 1909இல் அடுக்குக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார்.

சாலையில் பாதுகாப்பானது அடுக்குக் கண்ணாடிதான். ஆனால் பட்டறையில் அதுவே அதிகக் கவனம் கேட்கும். அதன் இரண்டு தாள்களும் பொதுவாக உறுதியூட்டப்படாதவை. ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தடிமன் கொண்டவை. பொருத்தும்போது ஒரு மூலையை முரட்டுத்தனமாக அழுத்தினாலோ, நெம்புகோலால் விளிம்பில் நெம்பினாலோ விரிசல் ஓடிவிடும். 'புதுக் கண்ணாடி தரமில்லை' என்று பலர் குறைகூறுவார்கள். பெரும்பாலும் காரணம் நாம் விசை கொடுத்த இடமாகத்தான் இருக்கும். பாதுகாப்பான கண்ணாடி வேண்டுமென்றால் பொறுமையும் சேர்ந்தே வேண்டும்.

ரப்பருக்கும் வயதாகும்

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர்ப் பூமலைக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. முந்தைய ஆண்டு பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகளிலிருந்து முளைத்தவை அவை. பின்னர் பூமலையின் இயக்குநரான ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். மலாயா உலகின் பெரிய ரப்பர் நாடானது. விடியற்காலையில் அந்தப் பால்மரங்களைச் சீவியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்கள்.

மரத்திலிருந்து வரும் ரப்பர் சூட்டில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே பாலங்கள் உருவாகும் என்பதால், இழுத்தாலும் பழைய வடிவத்திற்குத் திரும்பும் பொருளாக அது மாறுகிறது. 1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் இதைக் கண்டறிந்தார்.

ஆனால் இயற்கை ரப்பரின் சங்கிலியில் ஒரு பலவீனம் உண்டு. அதிலுள்ள கார்பன் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றில் சிறிதளவே இருக்கும் ஓசோன் தாக்கி அறுக்கிறது. ரப்பர் இழுபட்டு நிற்கும் இடங்களில் இந்த அறுபட்ட இடங்கள் வெடிப்புகளாக விரிகின்றன. முன்கண்ணாடிப் பட்டை மூலைகளில் வளைந்து இழுபட்டிருப்பதால் முதலில் வெடிப்பது மூலைகள்தான். பல்லாண்டுகள் அமுங்கியே இருந்த பட்டை, மீண்டும் விரியும் திறனையும் இழந்துவிடுகிறது. அப்போது கண்ணாடிக்கும் பட்டைக்கும் இடையே மயிரிழை போன்ற இடைவெளி தோன்றும்.

அந்த இடைவெளி வழியாக இறங்கும் மழைநீர் தகர உதட்டில் தேங்கி, பட்டைக்கு அடியில் மறைவாகவே துருவை வளர்க்கும். பின்பு கருவிப்பலகையின் பின்னால் வடிந்து, காலடி விரிப்பின் அடியில் நின்று, தரைத் தகரத்தை அரிக்கும். விரிப்பில் ஈர வாடை வீசும்போது சேதம் வெகுதூரம் போயிருக்கும். நம் நாட்டு மழையில் ஒரு பழைய காரின் ஆயுளைக் குறைப்பதில் இந்த ஒழுகலுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இப்போது கிடைக்கும் நல்ல பட்டைகள் பல, 1960களில் விற்பனைக்கு வந்த இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. அதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இல்லை. ஆகவே ஓசோனையும் வெயிலையும் நெடுங்காலம் தாங்கும். பட்டை கறுப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அதில் கலக்கப்படும் கரிப்பொடி ரப்பரை வலுப்படுத்துவதோடு புறஊதாக் கதிர்களையும் உறிஞ்சிக்கொள்கிறது.

ஒரு கயிறு செய்யும் வேலை

இனி பொருத்தும் முறையைப் பார்ப்போம். இது இரண்டு பெரியவர்கள் கையுறையும் கண்காப்பும் அணிந்து செய்ய வேண்டிய வேலை. நீங்கள் அருகில் நின்று கவனிக்கலாம். தனியாக முயல வேண்டாம்.

பழைய பட்டையை மீண்டும் பயன்படுத்தப் போவதில்லை என்பதால், அதன் வெளி உதட்டைக் கத்தியால் அறுத்து எடுத்துவிடுவார்கள். அப்போது கண்ணாடியை நெம்பாமலே வெளியே எடுக்கலாம். தகர உதட்டைச் சீர்செய்த பிறகு, புதிய பட்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து இளக்கி, கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி மாட்டுவார்கள். மாட்டும்போது பட்டையை இழுக்கக் கூடாது. இழுபட்ட ரப்பர் சில வாரங்களில் சுருங்கித் தன் நீளத்திற்குத் திரும்பும். அப்போது மூலைகளிலும் இணைப்பிலும் இடைவெளி விழும்.

அடுத்தது கயிறு. பென்சிலைவிடச் சற்று மெல்லிய நைலான் கயிற்றைப் பட்டையின் வெளிப்புற 'ப' பள்ளத்திற்குள் சுற்றிலும் பதிப்பார்கள். இரண்டு முனைகளும் கீழ்நடுவில் ஒன்றையொன்று தாண்டி, காரின் உட்புறமாகத் தொங்கும். பட்டை மீதும் தகர உதட்டின் மீதும் சவர்க்கார நீரைத் தாராளமாகத் தடவுவார்கள்.

ஒருவர் வெளியே நின்று கண்ணாடியைத் திறப்பின் நடுவில் சரியாக வைத்து, உள்ளங்கையால் மெதுவாக அழுத்துவார். மற்றவர் உள்ளே அமர்ந்து கயிற்றின் ஒரு முனையை இழுப்பார். கயிறு வெளியே வரும் இடத்தில் பட்டையின் உள் உதடு தூக்கப்பட்டு, தகர உதட்டைத் தாண்டி உட்புறம் வந்து படியும். கீழ்ப்பகுதி முடிந்ததும் மூலைகள், பிறகு இரு பக்கங்கள், இறுதியாக மேற்பகுதி. கயிறு வரும் இடத்திலேயே வெளியில் இருப்பவரின் கையும் இருக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் கயிறு பட்டையைக் கிழித்துவிடும்.

இந்த முறையின் அறிவு எங்கே இருக்கிறது? சுற்றளவு முழுவதையும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ள வேண்டுமென்றால் பெரும் விசை தேவைப்படும். கண்ணாடி அதைத் தாங்காது. கயிறு அந்த வேலையைச் சில மில்லிமீட்டர்களாகப் பிரித்துவிடுகிறது. ஒவ்வொரு கணத்திலும் தேவைப்படுவது சிறு விசைதான்.

சவர்க்கார நீருக்குப் பதிலாக எண்ணெயோ கிரீசோ தடவலாமா? கூடாது. கனிம எண்ணெயை உறிஞ்சும் இத்தகைய ரப்பர்கள் உப்பி மென்மையாகிவிடும். மேலும், எண்ணெய் அங்கேயே தங்கிவிடும். வேலை நடக்கும்போது உராய்வு குறைவாக இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு பட்டை வழுக்காமல் பிடிக்க வேண்டும். உலர்ந்து போகும் சவர்க்கார நீர் இந்த இரண்டு தேவைகளையும் நிறைவேற்றுகிறது.

பூட்டும் பட்டை

பல பிரிட்டிஷ் கார்களின் ரப்பர் பட்டையில் வெளிப்புறமாக இன்னொரு மெல்லிய பள்ளம் ஓடும். கண்ணாடி உட்கார்ந்த பிறகு, அந்தப் பள்ளத்திற்குள் பூட்டுப்பட்டை ஒன்றைச் செருகுவார்கள். வெள்ளி நிறத்தில் பளபளக்கும் பட்டையைப் பார்த்து இதை வெறும் அலங்காரம் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் அது ஓர் ஆப்பு. பள்ளத்தை விரித்து, ரப்பரை ஒரு பக்கம் கண்ணாடியின் மேலும் மறுபக்கம் தகரத்தின் மேலும் சுற்றிலும் சமமாக அழுத்துகிறது. இதைச் செருகுவதற்கென்றே நுனியில் வளையம் உள்ள கைக்கருவி இருக்கிறது. வளையம் பள்ளத்தின் வாயைத் திறந்துகொண்டே போக, பட்டை பின்னால் இறங்கும்.

கடைசியாக, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையிலும், ரப்பருக்கும் தகரத்திற்கும் இடையிலும் இறுகிப்போகாத அடைப்புப் பசையை மெல்லிதாகச் செலுத்துவார்கள். கெட்டியாக இறுகும் பசையைப் பயன்படுத்தினால் ரப்பரின் அசைவு தடைபடும்; பிறகு ரப்பர் இருந்தும் பயனில்லை.

ஒழுகலைத் தேடும் முறை

வேலை முடிந்ததும் நீர்க்குழாயால் சோதிக்க வேண்டும். உள்ளே ஒருவர் கைவிளக்குடன் அமர்ந்திருப்பார். வெளியில் இருப்பவர் மேலிருந்து நீரைக் கொட்டக் கூடாது. முதலில் கீழ் விளிம்பில் மட்டும் சில நிமிடம் மெதுவாக நீர் விட வேண்டும், பிறகு பக்கங்கள், கடைசியில் மேல் விளிம்பு. மேலே தொடங்கினால் நீர் கண்ணாடி முழுவதும் வழியும். ஒழுகும் இடம் எது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று அறிவியல் சோதனைகளில் நாம் கடைப்பிடிக்கும் விதிதான் இது.

இன்றைய கார்களில் இந்த ரப்பர்ச் சட்டம் இல்லை. முன்கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் நேரடியாகக் காரின் உடலோடு ஒட்டப்படுகிறது. இறுகிய பிறகும் ஓரளவு நெகிழும் இந்தப் பசைப் படுகைதான் அங்கே ரப்பரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. கண்ணாடி உடலின் உறுதிக்கே துணை நிற்கிறது. விபத்தில் விரியும் காற்றுப்பைகளில் சில அதன் மேல் சாய்ந்தே தாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் புதிய காரில் கண்ணாடி மாற்றியதும், பசை இறுகத் தேவையான நேரம் முடியும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்கிறார்கள். பொருள்கள் மாறிவிட்டன; கண்ணாடியும் இரும்பும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்ற விதி மாறவில்லை.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரே பொட்டலத்தில் வாங்கிய நான்கு ரப்பர் வளையங்கள், இரண்டு மரத்துண்டுகள்.

இரண்டு வளையங்களை மரத்துண்டுகளில் நன்றாக இழுத்து மாட்டுங்கள். மற்ற இரண்டையும் இழுக்காமல் வையுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் திறந்த சன்னலோரத்திலும், மற்றொன்றைக் காற்றுப் புகாத மூடிய டப்பாவிலும் வையுங்கள். நான்கு வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துக் குறிப்பெடுங்கள்.

எந்த வளையத்தில் முதலில் வெடிப்பு தோன்றியது? வெடிப்புகள் இழுத்த திசையிலேயே ஓடினவா, அதற்குக் குறுக்காகவா? உங்கள் விடையைக் கொண்டு, பழைய காரின் முன்கண்ணாடிப் பட்டையில் எந்த இடத்தை முதலில் சோதிக்க வேண்டும் என்று ஒரு கார் உரிமையாளருக்கு எப்படி விளக்குவீர்கள் என்பதை ஐந்து வரிகளில் எழுதிப் பாருங்கள்.